கட்டைவிரலில் சுண்ணாம்பு

போன மாதம் ஒரு நாள் காலை, எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு சின்ன சுண்ணாம்பு டப்பி உட்கார்ந்திருந்தது.

எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. என் வீட்டுக்காரருக்குப் பாக்கைக் கண்டாலே தலை சுற்றும். அவர் தம்பி ராமுவுக்கு பீடி, சிகரெட்கூடப் பழக்கமில்லை. பின்னே சுண்ணாம்பு எதற்கு?

"ராமு, இது யார் வாங்கினது?"

"நான்தான் அண்ணி… சும்மா."

சும்மா யாராவது சுண்ணாம்பு வாங்குவார்களா? மேலே கேட்பதற்குள் கொல்லைப்பக்கம் நழுவிவிட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி வள்ளி வேலைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டினாள். அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.

ஓஹோ… அப்படியா சங்கதி!

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீர்க்கடுப்பு வந்தால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவுவது நம் வழக்கம். சொட்டுச் சொட்டாகப் போகிறது, எரிகிறது, உயிர் போகிறது — வாயைத் திறந்து சொல்லமாட்டோம். ஆனால் காலில் பூசிக்கொண்டு ஊரெல்லாம் நடப்போம். அதற்கு மட்டும் கூச்சம் கிடையாது!

(சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பத்தியைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். இந்த வாரம் மட்டும் கை கழுவிவிட்டு வந்து படியுங்கள்.)

"வள்ளி, எத்தனை நாளா இப்படி?"

"சூடுக்கா. வெந்தயம் முழுங்கிகீறேன். தானா சரியாப் பூடும்."

சூடு! நம் ஜனங்களுக்கு எல்லா வியாதிக்கும் இந்த ஒரே பெயர்தான். கண் சிவந்தால் சூடு. கட்டி வந்தால் சூடு. முடி கொட்டினால் சூடு. பெயர் வைத்துவிட்டால் வியாதி பயந்து ஓடிவிடும் என்று நினைப்பு.

"இன்னிக்கு லீவு போடேன்" என்றேன். என்னமோ வீட்டைக் கொளுத்தச் சொன்ன மாதிரி பார்த்தாள்.

அவள் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்விட்ச் செய்கிற ஒரு கம்பெனியில், நாள் முழுக்க லைனில் உட்கார்ந்து திருகாணி முடுக்குகிற வேலை அவளுக்கு. டெம்பரவரி. ஆயுத பூஜைக்குள் சில பேரைப் பர்மனென்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு. ராமு வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். கள்ளிக்குப்பத்திலிருந்து ஆவடி வரை அவன் ஏறி இறங்காத கேட் இல்லை. இப்போது அவர்கள் இரண்டு பேருக்கும் வள்ளியின் சம்பளம்தான் சோறு. இந்த நேரத்தில் லீவு போட்டால் பர்மனென்ட் பேச்சில் தன் பெயர் அடிபட்டுப் போகும் என்று அவளுக்கு நடுக்கம்.

நடுக்கம் நிஜமாகவே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் வாசல்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. பல் கிட்டுகிறது. முதுகில், விலாவுக்குக் கீழே, கை வைக்க விடவில்லை.

சைக்கிள் ரிக்‌ஷாவைப் பிடித்து, டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"என்ன உடம்புக்கு?" என்று டாக்டரம்மா கேட்டதுதான் தாமதம், ராமு முந்திக்கொண்டான்.

"வயித்து வலி டாக்டர்."

"எங்கே வலிக்குது?"

"முதுகுல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். "முதுகுல வயித்து வலியா? நான் படிச்ச காலேஜ்ல இதைச் சொல்லிக் கொடுக்கலையே!" பிறகு வள்ளியின் பக்கம் திரும்பினார். "ஒண்ணுக்குப் போகும்போது எரியுதாம்மா?"

ராமு சடாரென்று எழுந்தான். "சைக்கிளைப் பூட்டல டாக்டர், இதோ வந்துர்றேன்" என்று வெளியே போய்விட்டான். நாங்கள் வந்தது ரிக்‌ஷாவில்!

வள்ளி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவும் அந்தக் காலைப் பார்த்தார். "இது வந்தா சுண்ணாம்பு பூசணும்னு தெரியுது. டாக்டர்கிட்ட வாயத் திறந்து சொல்லணும்னு மட்டும் தெரியலையாக்கும்?" என்று வெடித்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

ஒரு பாட்டிலைக் கொடுத்து, சிறுநீரை வாங்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சீழ் ஏகமாக இருக்கிறது என்றார். பிறகு மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த அட்டையின் பின்பக்கத்தில் ஒரு படம் போட்டார். அன்றைக்கு நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். ஆசிரியர் வெட்டாமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், விலா எலும்பு முடிகிற இடத்தில், ஆளுக்கு இரண்டு சிறுநீரகம். அவரைக்கொட்டை வடிவம், கைமுட்டி அளவு. உடம்பின் ரத்தமெல்லாம் ஓயாமல் இதற்குள் போய் வருகிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத வடிகட்டிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன — நெஃப்ரான் என்று பெயர். வேண்டிய தண்ணீரையும் உப்பையும் ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, கழிவை மட்டும் கீழே தள்ளுகின்றன. பக்கத்துக்கு ஒன்றாகக் கீழே இறங்குகிற குழாய் யூரிட்டர். அது வந்து சேருகிற இடம் சிறுநீர்ப்பை. பையிலிருந்து வெளியே போகிற வழி யூரெத்ரா. பெண்களுக்கு இந்த வழி ரொம்பக் குட்டை. அதனால் கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும்.

யூரிட்டர், யூரெத்ரா! ஏன் ஐயா, வேறு பெயரே கிடைக்கவில்லையா? இரட்டைப் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த மாதிரி! கிட்னி என்கிறார்களே, அது வீங்கினால் கிட்னி வீக்கம் என்று சொல்வார்களா? மாட்டார்கள். நெஃப்ரைட்டிஸ். அதற்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்க்கு ரீனல் என்று இன்னொரு பெயர். பிளாடர் புண்ணானால் பிளாடரே காணாமல் போய் சிஸ்டைட்டிஸ் ஆகிவிடும். ஒன்று கிரேக்கமாம், ஒன்று லத்தீனாம். வள்ளிக்கு வந்திருப்பது பைலோநெஃப்ரைட்டிஸ். சொல்லி முடிப்பதற்குள் காய்ச்சல் இன்னொரு டிகிரி ஏறிவிடும்.

நம் தமிழில் மட்டும் என்ன குறைச்சல்? சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை — பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் போட்டு, பாகம் குறித்து, மார்க்கும் வாங்குகிறோம். அதையே வீட்டில் சொன்னால் 'சீ, பொம்பளைப் பிள்ளை பேசற பேச்சா இது?' என்று அடி விழும். டாக்டர்களுக்கு ஒரு உறுப்புக்கு மூன்று பெயர். நமக்கு ஒரு பெயரைச் சொல்லவே வாய் வருவதில்லை. நடுவில் வியாதிக்காரர் கிடந்து திண்டாடுகிறார்.

"தண்ணி எவ்வளவு குடிப்பே?" என்றார் டாக்டரம்மா.

"காலைல காப்பி டாக்டர்."

"அப்புறம்?"

"ராவு சோறு துன்னசொல்ல…"

"நடுவுல?"

வள்ளி என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "வில்லை டாக்டர்" என்றாள்.

வில்லை என்றால் பித்தளை வில்லை. ஃபோர்மேன் மேஜைக்குப் பின்னால் ஒரு ஆணியில் தொங்குமாம். பாத்ரூம் போக வேண்டுமென்றால் லைனை விட்டு எழுந்து, நாலு பேர் பார்க்க மேஜைக்குப் போய், "சார், வில்லை" என்று கேட்க வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பக்கத்து ஷெட் ஃபிட்டர்கள் அவளைப் பார்ப்பார்கள். அந்த ஒற்றை வில்லை வெளியே போயிருந்தால், திரும்பி வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். அடிக்கடி கேட்கிறவளை ஃபோர்மேன் மனசில் வைத்துக்கொள்வார் என்று ஒரு பேச்சு. அப்புறம் எவள் கேட்பாள்?

அதனால் லைனில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வேலை நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. நாக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உப்பில் போட்டுக் காயவைத்த நெல்லிக்காய்த் துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். புதிதாக வருகிற பெண்ணுக்குத் திருகாணி முடுக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொடுக்கிறார்களாம்! செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து கிடக்கிறது என்று பேப்பரில் போடுகிறான். இங்கே ஒரு லைன் முழுக்கப் பெண்கள் நாக்கு வறண்டு நெல்லிக்காயைச் சப்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தண்ணி போகலைன்னா உப்பு தங்கிக் கல்லாகும். அடக்கி அடக்கி வெச்சா பையில கிருமி பெருகும். உனக்கு அது மேலேறி சிறுநீரகத்துக்கே போயிருக்கு. ஊசி போடறேன், மாத்திரை தரேன். ஒரு வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது."

"ஒரு வாரமா? பர்மனென்ட் பூடுமே டாக்டர்!"

"இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டா கிட்னி போயிடும். அதை எந்தக் கம்பெனி பர்மனென்ட் பண்ணித் தரும்?"

வள்ளி அழ ஆரம்பித்தாள். வலிக்கு அழாதவள், இதற்கு அழுதாள்.

மறுநாள் வேலை விடுகிற நேரத்துக்கு நானே கம்பெனி கேட்டுக்குப் போனேன். ராமுவை அனுப்பினால் முதுகில் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வருவான்.

சங்கு ஊதியது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். நான் எதேச்சையாகக் குனிந்தேன். ஒரு காலில் சுண்ணாம்பு. பின்னால் வந்தவள் காலில் சுண்ணாம்பு. ஒருத்திக்குப் புதுசு, ஒருத்திக்குக் காய்ந்து உதிர்கிறது, இன்னொருத்திக்குப் பாதி அழிந்திருக்கிறது. எண்ண ஆரம்பித்து, வயிறு எரிந்துபோய் நிறுத்திவிட்டேன். இத்தனை பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தி காலை ஒருத்தி பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசவில்லை!

கடைசியாக ஃபோர்மேன் வந்தார். ஆவடி சேக்காட்டுக்காரர். மடிப்புக் கலையாத சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. வள்ளியின் ஓரகத்தி என்று சொல்லிக்கொண்டேன்.

"அவளுக்குச் சிறுநீரகத்தில…"

"ஐயோ, மெதுவாம்மா! ஆம்பளைங்க போய்கினு வந்துகினு கீறாங்க."

"ஏன், ஆம்பளைங்களுக்குச் சிறுநீரகம் கிடையாதா?"

"வயித்து வலின்னு சொல்லுங்கோ, லீவுக்கு நான் பேசிப் பாக்கறேன். அந்த வார்த்தைய மேனேஜராண்ட நான் எப்டிம்மா சொல்றது?"

"அந்த வில்லையைத் தூக்கிப் போட்டாலே பாதி வியாதி போயிடுமே சார்!"

"இன்னாம்மா நீங்க! வில்லை இல்லன்னா அல்லாரும் பாத்ரூமாண்டயே நின்னுகினு கதை பேசுவாங்கோ. எம்மேல பொறுப்பு கீதும்மா. அத்த ஆணில மாட்டிட்டு நானே டேபிள வுட்டு நகர்றதில்ல, தெரியுமா?" பேசும்போதே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். பஸ்ஸுக்கு அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அவ பர்மனென்ட்?"

"நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்று போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, வள்ளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற மெஹருன்னிசா, பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். லைனிலிருந்து இன்னும் இரண்டு பேர் கூட. வியாதிக்காரியைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சு வாங்கி வருவார்கள். இவள் இலையில் கட்டி ஆட்டுக் குண்டிக்காய் கொண்டுவந்திருந்தாள்.

"எங்க அண்ணன் கடைலேந்து பாத்து எடுத்துகினு வந்தேன்க்கா. இத்த மொளகு போட்டு வறுத்துக் குடுங்க. கிட்னிக்குக் கிட்னி துன்னா சரியாப் பூடும்."

பாருங்கள் வேடிக்கையை! கசாப்புக் கடையில் ஊரே கேட்க 'குண்டிக்காய் குடு பாய்' என்று கூவுவோம். அதே உறுப்பு நம் உடம்பில் இருந்தால் பெயர் சொல்லக்கூடாது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அதைப் பலகையில் வைத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன். "எல்லாரும் வாங்கடி இங்கே!" என்றேன்.

வந்தார்கள். வெளியே கருஞ்சிவப்பு, உள்ளே கொஞ்சம் வெளிறிய நிறம், நடுவில் வெள்ளையாக ஒரு குழி. "இதோ, இங்கேதான் வடிகட்டறது. இந்தக் குழியில சேர்ந்து, இந்தக் குழாய் வழியாப் பைக்குப் போகுது. கீழே நீங்க அடைச்சு வெச்சா, அழுக்கு மறுபடி இங்கேதான் ஏறும். வள்ளிக்கு இந்த இடத்திலதான் சீழ்" என்று விரலை வைத்துக் காட்டினேன்.

மெஹருன்னிசா தன் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அவள் காலைப் பார்த்தேன். சொல்ல வேண்டுமா?

வாசற்படியில் நின்றிருந்த ராமு, "இது கெட்டுப்போனா மறுபடி மொளைக்குமா அண்ணி?" என்றான். மொளைக்காது என்றேன். போய் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து வந்து வள்ளியின் கையில் கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றான்.

"தோ பாரு வள்ளி, நாங்க அல்லாரும் நாளைக்குத் தண்ணி குடிக்கப் போறோம்" என்றாள் மெஹருன்னிசா.

சொன்னபடி குடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை வேலைக்கு உட்காருவதற்கு முன்னால் லைன் முழுக்க ஆளுக்கு ஒரு சொம்பு. டீ நேரத்தில் இன்னொன்று. வேறு கலாட்டா கிடையாது, கோஷம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் ஃபோர்மேன் மேஜை முன்னால் க்யூ! "சார், வில்லை." ஒருத்தி போய்த் திரும்புவதற்குள் பின்னால் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்கிறார்கள். ஸ்விட்சுகள் மூடியில்லாமல் குவிந்து கிடந்தனவாம். மேனேஜரே இறங்கி வந்து, "என்னய்யா க்யூ?" என்று கேட்டாராம். ஃபோர்மேன் கூரையைப் பார்த்தார். மெஹருன்னிசா, "ஒண்ணுக்குப் போறதுக்கு சார்" என்றாள். மேனேஜர் காது சிவந்து, வந்த வழியே போய்விட்டாராம்.

வில்லை மட்டும் ஆணியிலேயே இருந்தது. அந்த வாரம் முழுக்க க்யூவும் இருந்தது. ஃபோர்மேன் சாப்பாட்டு நேரத்தில்கூட மேஜையை விட்டு அசையாமல் அதைக் காவல் காத்தாராம். எனக்குச் சலித்துவிட்டது. இவர்களை என்னதான் செய்வது?

சனிக்கிழமை வள்ளியை மறுபடி டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். காய்ச்சல் விட்டிருந்தது, முகத்தில் களை வந்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றினோம். அங்கே பாலிஷ் போட்ட ஒரு ஜோடி ஷூ.

உள்ளே பெஞ்சில் ஃபோர்மேன். கூனிக் குறுகி, வியர்த்து வழிந்து. பக்கத்தில் அவர் மனைவி. எங்களை யாரென்று தெரியாமல் அந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தாள்: "வயித்து வலிங்க. மூணு நாளா முதுக வளைக்க முடியல."

முதுகில் வயிற்று வலி!

நான் குனிந்து பார்த்தேன். அவர் ஒரு காலால் இன்னொரு காலை மறைக்கப் பார்த்தார். ஆனால் இரண்டு கட்டைவிரலிலும் அல்லவா பூசியிருந்தது! எதைக்கொண்டு எதை மறைப்பார்?

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் வள்ளி பேசினாள்.

"சார், தண்ணி குடிக்கறீங்களா?"

"டேபிள வுட்டு எப்டிம்மா எய்ந்து போறது… அந்த வில்லைய யாராண்ட குடுத்துட்டுப் போறது…" குரலே எழும்பவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பாவமாகத்தான் இருந்தது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, "வள்ளி… லைன்ல சொல்லிடாதம்மா" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் 'சார், வில்லை' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசாத பெண், நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாராண்டயும் சொல்ல மாட்டேன் சார். வில்லையக் கழட்டிடுங்க."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "அடி அசடே! உன் கையில அகப்பட்டாரே… பர்மனென்ட் கேட்டிருக்கக் கூடாதா?"

"அது எனக்கு மட்டும்தானேக்கா" என்றாள் வள்ளி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

திங்கட்கிழமை ஆணி மட்டும்தான் இருந்ததாம். பர்மனென்ட் கிடைக்குமா, கிடைக்காதா? ஆயுத பூஜை வந்தால் தெரியும். வில்லை எப்படிக் காணாமல் போனது என்று மெஹருன்னிசா துருவித் துருவிக் கேட்கிறாள். வள்ளி மூச்சு விடவில்லை. கொடுத்த வாக்கை அப்படிக் காப்பாற்றுகிறாள்.

நான் வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.